குழியிலிருந்து பின்னோக்கி: பிள்ளைகளோடு கோல்ஃப், முதல் ஆறு மாதம்

ஏப்ரலில் ஒரு நாள் மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் ஷூவைக்கூடக் கழற்றாமல், குடையைத் தலைகீழாகப் பிடித்து, கூடையிலிருந்த ஆரஞ்சுப் பழத்தை ஹாலில் உருட்டிக் காட்டினாள். "அம்மா, இதுதான் கோல்ஃப். இன்னைக்கு ஸ்கூல்ல ஆடினோம்." அவளுக்கு ஒன்பது வயது, தம்பிக்கு ஆறு. நாங்கள் எடின்பரோவில் இருக்கிறோம். இங்கே தொடக்கப் பள்ளிகளில் பெரிய தலையுள்ள பிளாஸ்டிக் மட்டையும் மெத்தென்ற பந்தும் கொடுத்து ஆட வைக்கிறார்கள், கிளப்கோல்ஃப் என்று பெயர். 2014 ரைடர் கோப்பை கோல்ஃப் போட்டியை இங்குள்ள கிளெனீகிள்ஸில் நடத்துவதற்கு ஸ்காட்லாந்து உரிமை கேட்டபோதே, ஒவ்வொரு குழந்தையும் ஒன்பது வயதுக்குள் இந்த ஆட்டத்தை ஒரு முறையாவது தொட்டுப் பார்க்க வழி செய்வோம் என்று வாக்குக் கொடுத்திருக்கிறார்கள், அந்த வாக்குதான் குடையும் ஆரஞ்சுமாக எங்கள் வீட்டு ஹாலுக்கு வந்து சேர்ந்தது.

நான் பாளையங்கோட்டைக்காரி. சென்னையில் வேலை பார்த்த ஐந்து வருடமும் நந்தனத்தில் அண்ணா சாலையை ஒட்டி இருக்கிற கோல்ஃப் மைதானத்தைத் தினமும் பஸ்ஸில் கடந்து போயிருக்கிறேன், உள்ளே என்ன நடக்கிறது என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. அது வேறு யாருடைய இடமோ என்பது போலத்தான் இருந்தது. அதனால் மகள் கேட்டதும் எனக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. என்ன செய்தோம், எது சரிப்பட்டது, எது சரிப்படவில்லை என்று எழுதி வைக்கிறேன், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகலாமா என்று யோசிக்கிற வீடுகளுக்கு உதவும்.

முதலில் செய்தது தப்பு. ஊருக்கு வெளியே ஒரு பயிற்சித் திடலுக்குப் போனோம். வரிசையாகப் பாய், ஒரு வாளி பந்து, எதிரே முடிவே இல்லாத புல்வெளி, இருநூறு கஜத்தில் ஒரு பலகை. வாடகைக்குக் கிடைத்த மட்டை பெரியவர்களுக்கானது, சின்னவனால் அதைத் தூக்கவே முடியவில்லை. மகள் முழு வேகத்தில் வீசினாள், பந்து பாயை விட்டு நகரவில்லை, ஆனால் மட்டை சுற்றிப் பின்னால் வந்தபோது தம்பியின் புருவத்துக்கு ஒரு சாண் தள்ளிப் போயிற்று. என் அடிவயிறு கலங்கிவிட்டது. அவனைப் பின்னால் நிற்க விட்டது என் தவறு. பத்துப் பந்து முடிவதற்குள் இரண்டு பேரும் அழுதுவிட்டார்கள், வீட்டுக்கு வந்துவிட்டோம். (அன்றிலிருந்து ஒரு சட்டம்: அடிப்பவர் கையை நீட்டி மட்டையால் ஒரு வட்டம் போட்டுக் காட்ட வேண்டும், அந்த வட்டத்துக்குள் யாரும் கால் வைக்கக் கூடாது. இது வரைக்கும் யாரும் மீறியதில்லை.)

அன்று ராத்திரி யோசித்துப் பார்த்தேன். கோலி விளையாட யாராவது தெருக்கோடியிலிருந்தா சொல்லிக் கொடுப்பார்கள்? குழிக்குப் பக்கத்தில் உட்கார வைத்துத்தான் விரலை மடக்கச் சொல்லுவார்கள். பந்து குழிக்குள் விழுகிற சத்தத்தைக் கேட்காத பிள்ளைக்கு இருநூறு கஜம் எதற்கு? தேடிப் பார்த்தால் அமெரிக்காவில் இரண்டு பயிற்சியாளர்கள் இதையே முறையாகச் செய்து வைத்திருக்கிறார்கள், 'ஆபரேஷன் 36' என்று பெயர். ஒன்பது குழி, ஒவ்வொன்றும் 25 கஜத்திலிருந்து. பந்தை மொத்தம் 36 முறை அடிப்பதற்குள் முடித்தால் அடுத்து 50 கஜம், அப்புறம் 100, 150, 200 என்று பின்னால் போகலாம். நான் இதை இன்னும் குறுக்கினேன்: 25 கஜத்துக்கும் முன்னால், வீட்டு ஹால்.

எவர்சில்வர் டம்ளரைப் படுக்க வைத்துக் கம்பளத்தில் பந்தைத் தள்ளுவது. உண்மையான கோல்ஃப் குழியின் அகலம் 108 மில்லிமீட்டர், பந்து 42.67 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. எங்கள் டம்ளரின் வாயை ஸ்கேல் வைத்து அளந்தேன், 72 தான். டம்ளரில் இரண்டு வாரம் பழகிய பிள்ளைக்கு மைதானத்துக் குழி கிணறு மாதிரித் தெரியும். பந்து உள்ளே போனால் டம்ளர் 'டிங்' என்று ஒரு சத்தம் போட்டுக் கொஞ்சம் உருளும். அந்தச் சத்தத்துக்காகச் சின்னவன் காலையில் பல் தேய்க்காமல் வந்து நின்றான். தோற்றவர் கோலி ஆட்டத்தில் மாதிரியே பந்தை முட்டியால் தள்ளிக்கொண்டு சமையலறை வரை போக வேண்டும், அதிகம் தள்ளியது என் வீட்டுக்காரர்.

மட்டை பற்றி ஒரு வார்த்தை. பழைய பொருள் விற்கிற தர்மக் கடை ஒன்றில் மலிவாகக் கிடைத்த பெரியவர் மட்டையை அறுத்துக் குட்டையாக்கிக் கொடுத்தோம். வேண்டாம், செய்யாதீர்கள். நீளம்தான் குறைகிறது, தலையின் கனம் அப்படியே இருக்கிறது, தண்டும் விறைத்துப் போகிறது. பிள்ளை கையால் வீசாமல் முதுகால் இழுக்கிறது. பிள்ளைகளுக்கென்றே செய்தது, வயதைப் பார்க்காமல் உயரத்தைப் பார்த்து வாங்கியது, ஆளுக்கு மூன்று போதும்: பந்தைத் தூக்கிப் போட ஒரு வெட்ஜ், தூரம் அடிக்க ஒரு ஏழாம் நம்பர், தரையில் தள்ள ஒரு புட்டர். எங்களுக்கு எல்லாமே பழையதாகக் கிடைத்தது.

மே கடைசியில் புரூண்ட்ஸ்ஃபீல்ட் லிங்ஸுக்குப் போனோம். இந்த ஊரில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இப்போது அதுதான். நகரத்தின் நடுவில், மெடோஸ் பூங்காவை ஒட்டிய சரிவு, நூற்றாண்டுகளாக கோல்ஃப் ஆடுகிற நிலம். கோடையில் 36 குட்டிக் குழிகள், குளிர்காலத்தில் 9. காசு கிடையாது, வேலி கிடையாது, மட்டையும் பந்தும் இருந்தால் போய் ஆடலாம். மாணவர்கள் படுத்துக்கிடப்பார்கள், நாய் ஓடும், தள்ளுவண்டியோடு ஒரு பாட்டி குறுக்கே நடப்பார், அவர் போகும் வரை நாம் காத்திருக்க வேண்டும். ஜூனில் இங்கே பத்து மணிக்குத்தான் சூரியன் மறைகிறது, அதனால் சாப்பாட்டை முடித்துவிட்டு நிதானமாகக் கிளம்பினாலும் ஒன்பது குழி ஆடிவிடலாம். நந்தனத்துச் சாலையில் போகும்போது எனக்குத் தோன்றிய அந்த 'வேறு யாருடைய இடமோ' இங்கே ஒரு துளியும் தோன்றவில்லை. கோல்ஃபுக்குப் புது ஆட்கள் வர வேண்டும் என்று பேசுகிறவர்கள் எல்லோரும் ஒரு சாயங்காலம் இங்கே வந்து உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

ஆரம்பிக்கக் குறித்த இடத்திலிருந்து ஆடவில்லை. குழியில் நிற்கும் கொடியிலிருந்து 25 பெரிய எட்டு வைத்து நடந்து அங்கே பந்தை வைத்தோம். ஒரு குழிக்குப் பந்தை எட்டு முறை அடிப்பதுதான் அதிகபட்சம், அதற்கு மேல் பந்தை எடுத்துக்கொண்டு அடுத்ததற்குப் போய்விட வேண்டும். பிள்ளைகளுக்காக நாங்கள் விட்டுக்கொடுத்தது இல்லை இது, 2019-இல் விதிகளை மாற்றியபோது 'அதிகபட்ச ஸ்கோர்' என்று ஒரு முறையையே சேர்த்திருக்கிறார்கள். கொடியைப் பிடுங்காமலே பந்தைத் தள்ளலாம் என்பதும், தொலைந்த பந்தைத் தேட ஐந்து நிமிடத்துக்குப் பதில் மூன்று நிமிடம் என்பதும் அதே வருடம்தான் வந்தது. சின்னப் பிள்ளைகளோடு ஆடும்போது இந்த மூன்றும் எவ்வளவு உதவி என்று ஆடிப் பார்த்தால்தான் தெரியும். முதல் நாள் ஒன்பது குழிக்கு மகள் 58, சின்னவன் 70. எட்டொன்பது எழுபத்திரண்டு, அவன் ஒரே ஒரு குழியில்தான் எட்டுக்குக் குறைவாக, ஆறில் முடித்தான். அந்த ஒரு குழியைப் பற்றித்தான் வீடு வரைக்கும் பேச்சு.

அப்புறம் எண்ணுகிற தகராறு. சின்னவன் ஏழு அடி அடித்துவிட்டு "நாலு" என்பான், அக்கா "பொய்" என்பாள். அவன் பொய் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும், ஓடுகிற ஓட்டத்தில் எண்ணிக்கை நழுவிவிடுகிறது. இந்த ஆட்டத்தில் நடுவர் இல்லை, தன் அடியைத் தானே எண்ணித் தானே சொல்ல வேண்டும், அதை ஆறு வயதுக்காரனிடம் எப்படிக் கேட்பது? ஜூலையில் ஊரிலிருந்து அம்மா வந்தாள், அவள்தான் வழி கண்டுபிடித்தாள். சாம்பாருக்கு ஊற வைத்த புளியிலிருந்து கொட்டைகளை எடுத்துக் கழுவிக் காயவைத்து, அவன் இடது பையில் போட்டாள். "எய்யா, ஒரு அடி அடிச்சா ஒரு கொட்டையை அந்தப் பைக்கு மாத்திரு. குழியில விழுந்ததும் ஆச்சிகிட்ட எண்ணிக் காட்டு." பல்லாங்குழி ஆடிய கை, சும்மாவா. அன்றிலிருந்து தகராறே இல்லை. ஒரு நாள் அவன் மட்டையை வீசிப் பந்தைத் தொடாமல் போனான், யாரும் பார்க்கவில்லை, நான் மட்டும் தூரத்திலிருந்து பார்த்தேன். கொஞ்ச நேரம் நின்றான். பிறகு பைக்குள் கையை விட்டு ஒரு கொட்டையை மாற்றினான். நான் எதுவும் சொல்லவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டேன், கண் கலங்கிவிட்டது.

அம்மா இருந்தபோதே செயின்ட் ஆண்ட்ரூஸ் போனோம். அங்கே ஓல்ட் கோர்ஸ் என்கிற புகழ்பெற்ற பழைய கோல்ஃப் மைதானத்துக்குப் பக்கத்திலேயே 'இமயமலை' என்று ஒரு புட்டிங் திடல் உண்டு, அலை அலையாக மேடும் பள்ளமும். 1867-இல் தொடங்கிய பெண்கள் புட்டிங் சங்கத்தின் திடல் அது, யார் வேண்டுமானாலும் சின்னக் கட்டணம் கட்டி ஆடலாம். தோளுக்கு மேல் கையைத் தூக்கி மட்டை வீசுவது பெண்களுக்கு அழகில்லை என்று நினைத்த காலம், அதனால் பந்தைத் தரையில் தள்ளுகிற ஆட்டம் மட்டும் அவர்களுக்கு. இதை அம்மாவிடம் சொன்னேன். "நம்ம ஊர் மாதிரிதான் இருந்திருக்காவ" என்றாள். எடின்பரோ பக்கத்திலேயே மஸல்பரோவில் அதற்கும் முன்னால், 1810-இல், மீன்காரப் பெண்களுக்குப் புத்தாண்டன்று போட்டி வைத்து, ஜெயித்தவருக்குப் புது மீன்கூடை பரிசு தருவதாகக் குறிப்பு இருக்கிறது என்றும் சொன்னேன். கூடை சுமந்து கூவி விற்ற பெண்களிடம் நாற்பது வருடம் மீன் வாங்கியவள் அவள், நின்று சிரித்தாள்.

சேலைக் கொசுவத்தைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு, ஸ்வெட்டரும் ஸ்போர்ட்ஸ் ஷூவுமாக, புட்டரை விளக்குமாறு மாதிரி ஒரு கையால் பிடித்தாள். முதல் தள்ளலில் பந்து மேட்டில் ஏறி, உச்சியில் ஒரு நொடி நின்று, அப்படியே அவள் காலடிக்குத் திரும்பி வந்தது. பேரன் விழுந்து விழுந்து சிரித்தான். அவள் குனிந்து புல்லைப் பார்த்தாள். கொடியைப் பார்க்காமல், இரண்டு முழம் இடது பக்கம் ஒரு சரிவைப் பார்த்துத் தள்ளினாள். பந்து சரிவில் வளைந்து வளைந்து இறங்கிக் குழிக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. வாசலில் தண்ணீர் தெளித்துத் தெளித்துத் தரையின் சாய்வு தெரிந்த கண் என்றுதான் நான் நினைத்துக்கொண்டேன். அறுபத்தெட்டு வயது, ஒன்பது வயது, ஆறு வயது, மூவரும் ஒரே திடலில் சமமாக ஆடுகிற வேறு ஆட்டத்தை நான் பார்த்ததில்லை. இன்னொரு ஞாயிறு ஓல்ட் கோர்ஸிலேயே நடந்தோம். ஞாயிற்றுக்கிழமை பொதுவாக அங்கே ஆட்டம் கிடையாது, ஊரே நாயும் பிள்ளையுமாக அதன் மேல் நடக்கிறது.

ஆகஸ்டில் நார்த் பெரிக். பாஸ் ராக் என்கிற பாறைத் தீவு, கடல் பறவைகளால் வெள்ளையாகத் தெரிகிற அதே கடலோர ஊர். அங்கே 1888-இலிருந்து பிள்ளைகளுக்கென்றே ஒன்பது குழி மைதானம் ஒன்று இருக்கிறது. பெரியவர்கள் தனியாக ஆட முடியாது, கூட ஒரு பிள்ளை இருந்தால்தான் ஆடலாம். இதை வீட்டிலேயே சின்னவனுக்குச் சொல்லிக் கூட்டிக்கொண்டு போனேன். அவனே முன்னால் போய், நெஞ்சை நிமிர்த்தி, "நானும் அக்காவும் ஆடறோம், அம்மா அப்பாவும் எங்ககூட வந்திருக்காங்க" என்று ஆங்கிலத்தில் சொன்னான். அந்த ஒன்பது குழியும் அவன்தான் எங்களை அழைத்துப் போனான். எங்கே நிற்க வேண்டும், யார் முதலில், எல்லாம் அவன் சொன்னபடி. வழக்கமாக நான்காவது குழியில் "வீட்டுக்குப் போகலாமா" என்பவன் அன்று கேட்கவே இல்லை.

செப்டம்பரிலிருந்து தமிழ்ப் பள்ளி நண்பர்கள் இரண்டு குடும்பம் சேர்ந்தார்கள். இப்போது ஏழு பிள்ளைகள். வந்தவர்களில் ஒரு அப்பா நன்றாக ஆடுவார், அதனால் தன் மகளுக்கு ஒவ்வொரு அடிக்கும் பிடியைத் திருத்தினார், முழங்கையைத் திருத்தினார். அந்தப் பெண் இரண்டு வாரம் வரவில்லை. அவரிடம் நேராகவே பேசினேன், நல்ல மனிதர், புரிந்துகொண்டார். பிள்ளை கேட்டால் மட்டும் பெரியவர்கள் சொல்லித் தரலாம் என்று வைத்தோம். அவள் திரும்பி வந்துவிட்டாள், போன வாரம் அவளே "அப்பா, இதை எப்படிப் பிடிக்கணும்" என்று கேட்டாள். ஆறு குழியோடு நிறுத்தி, பிள்ளைகள் இன்னும் ஆட வேண்டும் என்று கெஞ்சும்போதே கிளம்பிவிடுகிறோம். பெரியவர்களுக்குத்தான் இது கஷ்டமாக இருக்கிறது.

இப்போதைய நிலவரம்: 25 கஜத்திலிருந்து மகள் 41. முப்பத்தாறுக்கு இன்னும் ஐந்து, கொடிக்குப் பக்கத்தில் வெட்ஜால் மெதுவாகத் தூக்கிப் போடுவதுதான் அவளுக்கு வரவில்லை, பந்தின் தலையைத் தட்டி விடுகிறாள். சின்னவன் 52. அக்டோபரில் பொழுது சீக்கிரம் சாய்ந்துவிடுகிறது, வார நாளில் மறுபடி டம்ளர்தான், இந்தத் தடவை நடுவில் இரண்டு தலையணையை வைத்து அவனே ஒரு இமயமலை செய்திருக்கிறான். அம்மா ஊருக்குப் போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமை போன் செய்தால் சாப்பிட்டாயா என்பதற்கு முன்னால் "சின்னவன் எத்தனை கொட்டை?" என்றுதான் கேட்கிறாள்.