கார்டில் இன்னும் இரண்டு கோடு

என் பையன் பால்குடி மறப்பதற்குள் இரண்டாவது கரு தங்கிவிட்டது. சிசேரியன் தழும்பு அப்போதும் இழுத்துக்கொண்டுதான் இருந்தது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பார்க்கும் வேலைக்கு அப்போதுதான் திரும்பப் போயிருந்தேன். இப்போது வேண்டாம் என்று நானும் கணவரும் சேர்ந்துதான் முடிவெடுத்தோம். அதற்கு விளக்கம் சொல்ல இதை எழுதவில்லை. கருக்கலைப்பு மாத்திரை சாப்பிட்ட பிறகு பீரியட்ஸ் தேதி எப்படியெல்லாம் ஆட்டம் காட்டும் என்று என்னிடம் முன்கூட்டி யாரும் சொல்லவில்லை, அதற்காகத்தான்.

மாத்திரைக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதலில் போன கிளினிக்கில் கணவர் கையெழுத்து போட்டால்தான் ஆகும் என்றார்கள். 18 வயது நிறைந்த பெண்ணுக்கு அவளுடைய சம்மதம் போதும் என்கிறது 1971-ஆம் வருடக் கருக்கலைப்புச் சட்டம். 2021 திருத்தமும் அதில் கை வைக்கவில்லை. கணவர் பக்கத்திலேயே நின்றார், பேனாவும் பையில் இருந்தது. ஆனாலும் கேட்ட விதம் பிடிக்காமல் வேறு ஒரு வயதான லேடி டாக்டரிடம் போனோம். அவர் ஸ்கேன் எடுத்து, கரு கர்ப்பப்பைக்குள்தான் இருக்கிறது, ஏழு வாரம் என்று உறுதி செய்துகொண்டுதான் மாத்திரை கொடுத்தார். கரு குழாயில் தங்கியிருந்தால் இந்த மாத்திரை வேலைக்கு ஆகாது, உயிருக்கே ஆபத்து என்றார். முதலில் மிஃபெப்ரிஸ்டோன் ஒன்று, இரண்டு நாளைக்குள் மிசோப்ரோஸ்டால் நான்கு. அன்று ராத்திரி இடுப்பு கழன்றுவிடும் போல வலி. "மணிக்கு ரெண்டு பெரிய பேட் வீதம் ரெண்டு மணி நேரம் தொடர்ந்து நனைஞ்சா நேரம் காலம் பார்க்காம கிளம்பி வா கண்ணு" என்று சொல்லியிருந்தார். அந்த அளவுக்குப் போகவில்லை.

சரி, முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் சொட்டுச் சொட்டாகப் படுவது நிற்கவே இல்லை. ஒரு நாள் ஒன்றுமிருக்காது, மறுநாள் காப்பிக்கொட்டை நிறத்தில் கொஞ்சம். மூன்றாவது வாரம் பொறுக்க முடியாமல் மெடிக்கலில் கர்ப்பம் பார்க்கும் கார்டு வாங்கி, எல்லோரும் எழும் முன் பாத்ரூமில் வைத்துப் பார்த்தேன். இரண்டு கோடு. இரண்டாவது கொஞ்சம் வெளிறியிருந்தது, அவ்வளவுதான். கரு போகவே இல்லையோ, மாத்திரை பட்டு ஊனமாக வளர்கிறதோ என்று என்னென்னவோ ஓடியது.

டாக்டரிடம் நீட்டினேன். "இதை யார் இப்போ பார்க்கச் சொன்னது?" என்று சிரித்தார். கர்ப்பத்தில் சுரக்கும் எச்.சி.ஜி. ஹார்மோன் கரு போன மறுநாளே ரத்தத்தை விட்டுப் போய்விடாது. மெல்லத்தான் வடியும். நான்கு வாரம் வரைக்கும் கார்டு இரண்டு கோடு காட்டலாம். அதற்கு மேலும் காட்டினால், அல்லது மாத்திரை வைத்தும் ரத்தமே போகாமல் இருந்தால், அப்போதுதான் சந்தேகப்பட வேண்டுமாம்.

எதற்கும் இருக்கட்டும் என்று ஸ்கேன் எடுத்தார். கர்ப்பம் இல்லை. ஆனால் ரிப்போர்ட்டில் கர்ப்பப்பையின் உள்சுவர் தடித்திருக்கிறது என்று ஒரு வரி. அதைக் கேட்டதும் பக்கத்து வீட்டு அக்கா, "மிச்சம் தங்கிருக்கு, போய் க்ளீன் பண்ணிரு, இல்லைன்னா அப்புறம் கருவே நிக்காது" என்றார். டாக்டர் ரிப்போர்ட்டை மூடி வைத்துவிட்டு என்னைத்தான் கேட்டார்: காய்ச்சல் இருக்கா? கெட்ட வாடை வருதா? அடிவயிறு விடாம வலிக்குதா? ரத்தம் கூடுதா, குறையுதா? குறைகிறது என்றேன். "அப்போ மிச்சம் மீதி தானா வந்துரும். பேப்பர்ல எழுதிருக்குன்னு கர்ப்பப்பையைச் சுரண்டி க்ளீன் பண்ற டி அண்ட் சி பண்ண முடியாது." கரு நிக்காது என்ற பேச்சுக்கும் அங்கேயே பதில் கிடைத்தது. சிக்கல் இல்லாமல் முடிந்த கருக்கலைப்பு அடுத்த கர்ப்பத்தைத் தடுக்காது.

இதற்கிடையில் வீட்டில் வேறு பஞ்சாயத்து. மாமியாருக்கு விஷயம் தெரியாது. "என்ன கண்ணு, இந்த மாசம் இன்னும் தலைக்கு ஊத்தலையா?" என்று ஆரம்பித்து, எள்ளும் கருப்பட்டியும் இடித்து உருண்டை பிடித்துத் தர ஆரம்பித்துவிட்டார். நன்றாகத்தான் இருந்தது, சாப்பிட்டேன். அதனாலெல்லாம் பீரியட்ஸ் வந்துவிடவில்லை.

மாத்திரைக்குப் பிறகு முதல் பீரியட்ஸ் நான்கு முதல் எட்டு வாரத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் வரலாம். ரத்தப்போக்கு தொடங்கிய நாளை முதல் நாளாக வைத்து எண்ண வேண்டும் என்பதுகூட எனக்குத் தெரியாது. எனக்கு எட்டாவது வாரத்தை ஒட்டித்தான் வந்தது, கட்டி கட்டியாக. அடுத்தது மறுபடி தள்ளியது. தைராய்டு பார்த்தார், சரியாக இருந்தது. நான் இன்னும் பால் கொடுத்துக்கொண்டிருந்ததும் ஒரு காரணம் என்றார். இரண்டு மூன்று சுற்றில் தானாகச் சரியாகும், மூன்று மாதம் வராவிட்டால் மட்டும் பார்க்கலாம் என்றார்.

இதில் என்னை உலுக்கிய விஷயம் வேறு. அந்த முதல் பீரியட்ஸ் வருவதற்கு முன்பே கருமுட்டை வெளியாகிவிடும். சிலருக்கு இரண்டு வாரத்துக்குள்ளேயே. அப்படியானால் பீரியட்ஸ் வரவில்லையே, இப்போது என்ன ஆகப் போகிறது என்று இருந்தால் மறுபடி கரு தங்கிவிடும். ஒருத்தி எட்டு வாரமாகியும் குளிக்கவில்லை என்றால் அது பழைய கணக்கா, புதிய கர்ப்பமா என்று அவளுக்கே தெரியாது. ஐந்தாவது வாரம் ஒரு கோடு வந்து, பிறகு வேறு கார்டில் இரண்டு கோடு வந்தால் அது புதுக் கர்ப்பம்.

அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகக் கிடைக்கும் சாயா என்ற கருத்தடை மாத்திரையைக் கேட்டேன். அதற்கும் சிலருக்குத் தேதி தள்ளும் என்றார். ஏற்கெனவே ஆடிக்கொண்டிருக்கிற தேதியோடு அதையும் சேர்த்துக்கொள்ள எனக்குத் தெம்பில்லை. கர்ப்பம் இல்லை என்று ஸ்கேனில் தெரிந்துவிட்டதால், கர்ப்பப்பைக்குள் வைக்கும் கருத்தடைச் சாதனமான காப்பர் டி போட்டுக்கொண்டேன். ரத்தப்போக்கு முன்பைவிடக் கொஞ்சம் அதிகம்தான், ஆனால் இப்போது மாதம் தவறுவதில்லை. கையில் கொடுத்த அட்டையில் பத்து வருடம் கழித்து ஒரு தேதி எழுதியிருக்கிறார். இன்னொரு குழந்தை வேண்டுமென்று தோன்றினால் நடுவிலேயே வந்து எடுத்துக்கொள்ளலாமாம்.