வெளி எஸ்எஸ்டி போட்டும் ஐமெக் எழும்பத் தாமதமா?

2012 முதல் 2019 வரை வந்த 21.5 அங்குல ஐமெக்குகளில் குறைந்த விலை மொடல்களுக்குள் இருப்பது நிமிடத்துக்கு 5400 சுற்றுச் சுழலும் ஹார்ட் டிஸ்க். கண்ணாடியைப் பசை நாடாவால் ஒட்டியிருப்பதால் கழற்றி மாற்றுவது எல்லாருக்கும் சரிவராது. அதனால் பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் ஒரு எஸ்எஸ்டியும் அதை உள்ளே வைக்கும் யூஎஸ்பி கேசிங்கும் வாங்கி, பின்னால் செருகி, அதில் மெக்ஓஎஸ் போட்டுக்கொள்ளலாம். நல்ல வழிதான். ஆனால் டெஸ்க்டொப் வந்தபிறகு பறக்கிற மெஷின், ஒன் பண்ணும்போது மட்டும் பழையபடி நிற்கும்.

எஸ்எஸ்டியைக் குறை சொல்ல முன் ஃபோனில் ஸ்டொப்வொச்சை எடுங்கள். பட்டனை அழுத்தியதிலிருந்து ஆப்பிள் லோகோ வரும்வரை ஒரு நேரம், லோகோவிலிருந்து லொகின் திரை வரை இன்னொரு நேரம். இரண்டையும் தனித்தனியாகக் குறியுங்கள். இரண்டுக்கும் நோய் வேறு, மருந்தும் வேறு.

லோகோவுக்கு முன்பே வெறும் திரை அரை நிமிடம் வரை நின்றால், எந்த டிஸ்க்கிலிருந்து எழும்புவது என்று மெஷினுக்குச் சொல்லப்படவில்லை. அது தேடிக்கொண்டிருக்கிறது. புதிய மெக்ஓஎஸ்ஸில் சிஸ்டம் செட்டிங்ஸில் ஜெனரல், அதற்குள் ஸ்டார்ட்டப் டிஸ்க்; 2015 வரையான மொடல்களில் ஓடும் பழைய மெக்ஓஎஸ்ஸில் சிஸ்டம் ப்ரிஃபரன்ஸஸில் ஸ்டார்ட்டப் டிஸ்க். அங்கே வெளி டிஸ்க்கைத் தெரிவுசெய்து ரீஸ்டார்ட் கொடுங்கள். அல்லது ஒன் பண்ணியவுடன் ஒப்ஷன் கீயை அழுத்திப் பிடித்து, டிஸ்க் படங்கள் வந்ததும் கொன்ட்ரோல் கீயை அழுத்தியபடி தெரிவுசெய்தால் அதுவே நிரந்தரமாகிவிடும். யாராவது என்விராமை (இதுபோன்ற தெரிவுகளைச் சேமிக்கும் சிறு நினைவகம்) ரீசெட் செய்தால் இந்தத் தெரிவு அழிந்துபோகும், திரும்பவும் செய்யவேண்டும்.

லோகோவுக்குப் பின் பட்டை ஊர்கிறது என்றால் வயரைப் பாருங்கள். ஒப்ஷனை அழுத்தியபடி ஆப்பிள் மெனுவில் சிஸ்டம் இன்ஃபர்மேஷனைத் திறந்து, யூஎஸ்பி பகுதியில் கேசிங்கின் பெயரைத் தட்டுங்கள். வேகம் 5 ஜிகாபிட் அல்லது அதற்கு மேல் என்று இருக்கவேண்டும். 480 மெகாபிட் என்று இருந்தால் அது யூஎஸ்பி 2. செக்கனுக்கு 40 மெகாபைட் வந்தாலே பெரிது, எவ்வளவு விலையான எஸ்எஸ்டி போட்டிருந்தாலும் சரி. சார்ஜருடன் வரும் டைப்-சி வயர்கள் பெரும்பாலும் இந்த வகைதான், தோற்றத்தில் பிடிபடாது.

நல்ல வயரிலும் இது நடக்கும். நீல நாக்குள்ள யூஎஸ்பி 3 பிளக்கை எட்டிப் பாருங்கள்: முன்னால் நான்கு தகடுகள், உள்ளே தள்ளி ஐந்து. மெதுவாகச் செருகினால் முன் நான்கு முதலில் தொட்டு, மெஷின் அதை யூஎஸ்பி 2 என்றே பதிந்துவிடும். கழற்றி, ஒரே மூச்சில் முழுதாகத் தள்ளுங்கள். எழும்பிய டிஸ்க் அதுவே என்பதால் ஷட் டவுன் செய்துவிட்டுத்தான் கழற்றவேண்டும்.

ஹப் வழியாகக் கொடுக்காதீர்கள். யூஎஸ்பி 3 போர்ட் தருவது 900 மில்லிஅம்பியர். அதைக் கீபோர்டோடும் பிரிண்டரோடும் பங்குபோட்டால் டிஸ்க் இடையில் அறுந்து, குறுக்குக்கோடு போட்ட வட்டம் வரலாம். இதே காரணத்துக்காக, யூஎஸ்பி வேகம் 5 ஜிகாபிட்டோடு நிற்கும் 2015 வரையான மொடல்களுக்கு என்விஎம்ஈ என்ற அதிவேக வகை எஸ்எஸ்டி வாங்குவது வீண் செலவு. 2.5 அங்குல சாட்டா வகை எஸ்எஸ்டி போதும். மின்சாரமும் குறைவு, சூடும் குறைவு. 2017 மொடலிலிருந்து பின்னால் தண்டர்போல்ட் 3 போர்ட் இரண்டு இருக்கின்றன. 10 ஜிகாபிட் கேசிங்கை அதில் போட்டால் பலன் தெரியும்.

புதிதாக மெக்ஓஎஸ் போட்ட முதல் நாள் ஸ்பொட்லைட் என்ற தேடல் வசதி கோப்புகளை அட்டவணை போடும், அன்று அளக்கவேண்டாம்.

வயரும் வேகமும் சரி, இன்னும் ஊர்கிறதா? உள்ளே இருக்கும் பழைய ஹார்ட் டிஸ்க்தான் மிச்சம். வெளியிலிருந்து எழும்பினாலும் மெக்ஓஎஸ் அதையும் சோதித்துத்தான் இணைக்கும்; கெட்டுப்போகும் டிஸ்க் என்றால் அங்கேயே காத்திருக்கும். டிஸ்க் யூட்டிலிட்டியில் ஸ்மார்ட் நிலையை, அதாவது டிஸ்க் தன் நலத்தைத் தானே சொல்லும் குறிப்பைப் பாருங்கள். பழுது என்று காட்டினால், அங்கேயே உள்ள ஃபர்ஸ்ட் எய்ட் என்ற திருத்தும் வசதியை ஓட்ட முன் படங்களையும் கோப்புகளையும் வேறிடத்துக்கு எடுத்துவிடுங்கள். டிஸ்க் நலமாகத்தான் இருக்கிறது என்றால் அதிலுள்ள பழைய மெக்ஓஎஸ்ஸை அழிக்கத் தேவையில்லை. எஸ்எஸ்டி ஒருநாள் காலைவாரினால் எழும்ப ஒரு இடம் வேண்டுமே.