கார் கிடைத்தது பதினோராம் நாள், வீட்டுக்கு வந்தது ஐந்தாம் மாதம்

அப்பாவின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு இப்போது எங்கள் வீட்டு போர்ட்டிகோவில் மூன்று துண்டாகக் கிடக்கிறது. பானெட் தனி, பின்பாதி தனி, சேஸிஸும் (அடிச்சட்டம்) என்ஜினும் தனி. திருடனைப் பற்றி எழுத என்னிடம் அதிகம் இல்லை. அவன் ஒரே ராத்திரியில் வேலையை முடித்துவிட்டான். எனக்குத்தான் ஐந்து மாதம் பிடித்தது.

ஹெரால்டு தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. 1961இலிருந்து சென்னையில் தயாரான வண்டி, 948 சிசி. பானெட், முன் மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் ஒரே துண்டாக முன்பக்கம் கவிழும். முழு உடம்பும் போல்ட் போட்டு சேஸிஸ் மேல் உட்கார்ந்திருக்கும். ரேஸ் ஓட்டுகிறவர்களுக்கு இது வசதி. திருடனுக்கு அதைவிட வசதி என்று இப்போதுதான் புரிகிறது.

அப்பா இதைச் சோழவரத்தில் ரேஸ் ஓட்டினார். இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளம் அது. 1990இல் இருங்காட்டுக்கோட்டை தடம் வருவதற்கு முன்னால் மெட்ராஸ் ரேஸ் என்றாலே அதுதான். பின் சீட்டைக் கழற்றி எறிந்து, வண்டி கவிழ்ந்தால் தலையைக் காக்கும் ரோல்பாரைத் தண்ணீர்க் குழாயை வளைத்துச் செய்து, என்ஜினுக்குப் பெட்ரோலும் காற்றும் கலந்து கொடுக்கும் எஸ்.யு. கார்புரேட்டரை இரட்டையாக வைத்து, பானெட்டைத் தோல் பெல்ட்டால் இழுத்துக் கட்டியிருந்தார். ஒரு பயிற்சி ஓட்டத்தில் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு என்ஜின் பிளாக்கைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. அடுத்த வாரமே வேறொரு ஹெரால்டின் என்ஜினை வாங்கி இறக்கிவிட்டார். இந்த என்ஜின் விஷயம் பின்னால் வரும்.

வீட்டில் பூச்சு வேலை நடந்ததால் வண்டியைப் புறநகரில் ஒரு வாடகை ஷெட்டில் விட்டிருந்தேன். ஒரு திங்கட்கிழமை காலை போனால் பூட்டு இருக்கிறது, கதவு இருக்கிறது, பின்பக்கத் தகரமும் வண்டியும் இல்லை.

ஸ்டேஷனில் ரைட்டர் வண்டி எண்ணைக் கேட்டார். எம்.எஸ். என்று தொடங்கும் பழைய எண்ணைச் சொன்னேன். கணினியில் தட்டிப் பார்த்துவிட்டு, "இப்படி ஒரு வண்டியே இல்லையே சார்" என்றார். ஆர்.சி. புத்தகத்தைக் காட்டினேன். துணி பைண்டிங் போட்ட அந்தப் புத்தகத்தைப் பழைய ரேஷன் கார்டைப் பார்ப்பது போலப் பார்த்தார். பழைய வண்டிகளின் விவரத்தை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பேக்லாக் என்ட்ரி போட்டு ஏற்றாவிட்டால் கணினியைப் பொறுத்தவரை அந்த வண்டி பிறக்கவே இல்லை. பழைய வண்டி வைத்திருப்பவர்கள் இன்றைக்கே அரசின் பரிவாகன் இணையதளத்தில் உங்கள் எண்ணைப் போட்டுப் பாருங்கள். வரவில்லையென்றால் வண்டி கையில் இருக்கும்போதே ஏற்றிவிடுங்கள்.

அன்று கிடைத்தது புகாரை வாங்கிக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது மட்டும். எஃப்.ஐ.ஆர். போட இன்னும் மூன்று நாள். வண்டியின் மதிப்பு என்ன என்று கேட்டபோது நான் சோழவரம், இரட்டை கார்புரேட்டர் என்று ஆரம்பித்தேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "ஓடுற வண்டியா, ஓடாத வண்டியா, அதைச் சொல்லுங்க" என்றார். எஃப்.ஐ.ஆரில் முப்பதாயிரம் ரூபாய் என்று ஏறியது. அன்று ராத்திரி கோபத்தில் தூக்கம் வரவில்லை.

சரி, கிடைத்த கதை. பழைய வண்டி பாகங்கள் விற்கும் சென்னைப் புதுப்பேட்டையில் அப்பா காலத்திலிருந்து பழக்கமான ஒரு பாய் இருக்கிறார். திருட்டு நடந்த அன்றே அவரிடம் போய் போட்டோக்களைக் கொடுத்திருந்தேன். திருட்டு வண்டி என்றதும் எல்லாரும் அந்தப் பேட்டையைத்தான் கைகாட்டுகிறார்கள். என் வண்டியைக் கண்டுபிடித்துக் கொடுத்ததும் அதே பேட்டைதான். பதினோராம் நாள் போன் வந்தது. "தம்பி, ஹெரால்டு பானெட் ஒண்ணு விலைக்கு வந்திருக்கு. தோல் பெல்ட்டு போட்டிருக்கு. உங்கப்பா வண்டி மாதிரியே இருக்கு."

அது இருந்தது நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு காயலான்கடையில். நண்பன் ஒருவன், "மச்சான், கேட்கிற காசைக் கொடுத்து எடுத்துட்டு வந்துடு, கேஸெல்லாம் எதுக்கு?" என்றான். அரை மணி நேரம் எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். காசு கொடுத்து எடுத்திருந்தால் எஃப்.ஐ.ஆரில் காணாமல் போன கார், என் வீட்டில் ரசீது இல்லாத கார் என்று இரண்டு கார் ஆகியிருக்கும். ஸ்டேஷனுக்குச் சொன்னேன். சாயங்காலத்துக்குள் ஏட்டையாவும் இரண்டு பேரும் போய் வண்டியை எடுத்துவிட்டார்கள். அந்த ஒரு நாள் அவர்கள் ஓடிய ஓட்டத்தைக் குறை சொல்ல முடியாது.

அப்புறம்தான் ஆரம்பித்தது. பறிமுதல் மகஜரில், அதாவது கைப்பற்றியதை எழுதும் பட்டியலில், "பழைய கார் பாகங்கள், என்ஜின் ஒன்று" என்று எழுதியிருந்தார்கள். மகிழ்ச்சியில் நானும் படிக்காமல் தலையாட்டிவிட்டேன். இரண்டு எஸ்.யு. கார்புரேட்டரும் ஒரு கோணிப்பையில் அங்கேயே கிடந்தன, பட்டியலில் இல்லை. பட்டியலில் இல்லாததைக் கோர்ட் எப்படித் திருப்பிக் கொடுக்கும்? வக்கீல் தலையில் அடித்துக்கொண்டார். கூடுதல் வாக்குமூலம் கொடுத்து, கோணிப்பையைத் தனியாகப் பட்டியலில் ஏற்ற நான்கு முறை அலைந்தேன். மகஜர் எழுதும்போது பக்கத்தில் நின்று ஒவ்வொரு பாகத்தையும் சொல்லி எழுத வையுங்கள். ஸ்டீரிங், மீட்டர், சக்கரம் எத்தனை என்பது வரைக்கும்.

திரும்பப் பெற மாஜிஸ்திரேட் கோர்ட்டில் மனு போட வேண்டும். பழைய ஆட்களுக்கு அது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 451ஆம் பிரிவு. இப்போது அதற்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 497. அதன்படி 14 நாளில் சொத்தின் விவரப் பட்டியல், புகைப்படம், அதற்குப் பின் 30 நாளில் உத்தரவு. வண்டிகளை ஸ்டேஷன் வாசலில் மட்க விடக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2002லேயே சொல்லிவிட்டது. வக்கீல் இதையெல்லாம் சொன்னபோது, அடுத்த மாதம் வண்டி வந்துவிடும் என்று வீட்டில் போர்ட்டிகோவைக் கழுவி வைத்தேன்.

முதல் மனு திரும்பியது. ஆர்.சி. அப்பா பெயரில் இருக்கிறது, அப்பா இல்லை. இறந்த மூன்று மாதத்துக்குள் படிவம் 31 போட்டுப் பெயர் மாற்றியிருக்க வேண்டும். ஓடாத வண்டிக்கு எதற்கு என்று விட்டிருந்தேன். வாரிசுச் சான்றிதழ், அம்மாவும் தங்கையும் ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்திட்ட பத்திரம் எல்லாம் சேர்த்து மறுபடி போட்டோம். அதற்குள் மழைக்காலம் வந்துவிட்டது. ஸ்டேஷன் வளாகத்தில் வேப்பமரத்தடியில் வண்டி நனைவதைப் பார்த்துவிட்டு நானே ஒரு தார்ப்பாய் வாங்கிப் போர்த்தினேன். அடுத்த முறை போனபோது அந்தத் தார்ப்பாய் இல்லை. அதற்கு நான் புகார் கொடுக்கவில்லை.

இரண்டாவது சுற்றில் பிரேக் இன்ஸ்பெக்டர், அதாவது மோட்டார் வாகன ஆய்வாளர், வந்து பார்த்தார். சேஸிஸ் எண் இருந்த இடத்தில் மூன்று பூச்சு பெயிண்ட். நான் ஆர்வக்கோளாறில் உப்புத்தாளை எடுத்தேன். அவர் கையைத் தட்டிவிட்டார். எண்ணைத் தேய்த்தால் அதை அழிக்கப் பார்த்ததாகத்தான் அர்த்தம் வருமாம். பெயிண்ட் ரிமூவரும் பனியன் வேஸ்டும் வைத்து, அவர் கண் முன்னால் துடைத்தோம். எண் வந்தது. ஆர்.சி. புத்தகத்தின் பின்னட்டையில் எண்ணின் மேல் தாளை வைத்துத் தேய்த்து அப்பா எடுத்து ஒட்டி வைத்திருந்த பென்சில் பிரிண்டோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போனது. எனக்குக் கை நடுங்கியது.

ஆனால் அவர் அறிக்கையில், "என்ஜின் எண் பதிவுச் சான்றோடு பொருந்தவில்லை." பொருந்தாதுதான். அப்பா என்ஜின் மாற்றியதை ஆர்.சி.யில் ஏற்றவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை ரேஸ் வைத்துக்கொண்டு வியாழக்கிழமை ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு யார் போவார்கள்?

பார்க்கிறவர்கள் எல்லாம், "வின்டேஜ் ரெஜிஸ்ட்ரேஷன் போட்டுடுங்க" என்கிறார்கள். 2021 விதிப்படி 50 வருஷம் தாண்டியிருந்தால் மட்டும் போதாது. சேஸிஸ், உடல், என்ஜினில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. அப்பா மாற்றாதது சேஸிஸ் ஒன்றுதான். அவர் கைவைத்த இடங்களை எடுத்துவிட்டால் இது தெருவில் போன இன்னொரு ஹெரால்டு, அவ்வளவுதான். அதே இடங்களால் எந்த அலுவலகத்திலும் இது பொருந்தாத வண்டி.

தகரப் பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டி இரண்டு நாள் தேடினோம். அம்மாதான் கண்டுபிடித்தார். ஒரு பழைய ரேஸ் நிகழ்ச்சி நிரலுக்குள் மடித்து வைத்த மஞ்சள் தாள். அப்பாவுக்குப் பழைய என்ஜின் ஒன்று விற்றதற்கான ஒர்க்‌ஷாப் பில், என்ஜின் எண்ணோடு, ரெவின்யூ ஸ்டாம்போடு. பில்லில் இருந்த எண் பிளாக்கில் இருந்தது. கோர்ட்டில் அந்தத் தாள் கைமாறியபோது நீதிபதி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "இதை இவ்வளவு வருஷம் ஏன் வெச்சிருந்தாங்க?" வக்கீல் என்னைப் பார்த்தார். "அப்பா எதையும் தூக்கிப் போடமாட்டார்ங்க" என்றேன்.

உத்தரவு வந்தது. முப்பதாயிரத்துக்குச் சொந்தப் பிணை, இரண்டு ஜாமீன்தார். என்னைத் தூங்கவிடாத அந்த முப்பதாயிரம்தான் இங்கே என்னைக் காப்பாற்றியது. நான் மனதில் வைத்திருந்த மதிப்பு எஃப்.ஐ.ஆரில் ஏறியிருந்தால் பிணைக்கு வீட்டுப் பத்திரத்தைத் தேட வேண்டியிருந்திருக்கும். நிபந்தனைகள்: விற்கக் கூடாது, உருமாற்றக் கூடாது, கூப்பிடும்போது ஆஜர்படுத்த வேண்டும்.

போன வாரம் பாய் வந்து பார்த்தார். கார்புரேட்டர் இரண்டையும் துடைத்து மாட்டிவிட்டு, "பேட்டரி கொண்டாந்திருக்கேன், ஸ்டார்ட் பண்ணிப் பாப்பமா?" என்றார். உருமாற்றக் கூடாது என்று உத்தரவு இருக்கிறது பாய் என்றேன்.

"பெட்ரோல் ஊத்தினா உருமாறிடுமா தம்பி?"

வக்கீலுக்குப் போன் போட்டேன். உத்தரவை இன்னொரு தடவை படித்துவிட்டுச் சொல்கிறேன் என்றார். இன்னும் கூப்பிடவில்லை. பேட்டரி இங்கேதான் இருக்கிறது.