கரண்ட் கட்டணத் தெளிவெடுப்புக்குப் போய் வந்தேன்

கேரளத்தில் பாலக்காடு மாவட்டத்திலிருக்கும் எங்கள் சித்தூர் தாலுகாவில் ரெகுலேட்டர் என்றால் மூலத்தறைதான். ஆழியாற்றுத் தண்ணீரை இடதுகரைக் கால்வாய்க்கும் வலதுகரைக் கால்வாய்க்கும் பிரித்துவிடும் இடம். கரண்டுக்கும் ஒரு ரெகுலேட்டர் உண்டு, கட்டணத்தை முடிவு செய்யும் மின்சார ஒழுங்குமுறை ஆணையம், அவர்கள் முன்னால் யார் வேண்டுமானாலும் போய்ப் பேசலாம் என்பது 2024-ல்தான் எனக்குத் தெரிந்தது.

அந்த வருடம் கேரள மின் வாரியமான கேஎஸ்இபி கட்டண உயர்வு கேட்டு அந்த ஆணையத்திடம் மனுப் போட்டிருந்தது. ஜனவரி முதல் மே வரை யூனிட்டுக்கு 10 பைசா கோடைக் கட்டணமும் அதில் இருந்தது. செப்டம்பரில் கோழிக்கோடு, பாலக்காடு, எர்ணாகுளம், திருவனந்தபுரம் என்று நான்கு ஊர்களில் தெளிவெடுப்பு, அதாவது மக்களிடம் கருத்துக் கேட்கும் கூட்டம். கொழிஞ்சாம்பாறையிலிருந்து பாலக்காடு என்ன தூரம்? போய்விடலாம் என்று கிளம்பினேன்.

முதலில் எழுதிய மனு சரியில்லை. கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டினால் தமிழ்நாட்டில் பொள்ளாச்சிப் பக்கத்துத் தோப்புகளுக்கு 1990-லிருந்து இலவச மின்சாரம், எங்கள் தென்னைக்கும் கொடுங்கள் என்று இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். வக்கீலாக இருக்கும் அக்கா மகன் படித்துப் பார்த்தான்.

"மாமா, இலவசம் கொடுக்கிறது கவர்ன்மென்ட். கமிஷன்கிட்ட அதைக் கேட்டுப் பிரயோஜனமில்லை."

2003 மின்சாரச் சட்டத்தின் 65-ஆம் பிரிவைக் காட்டினான். சலுகை தர வேண்டுமானால் அந்தப் பணத்தை அரசு முன்கூட்டியே கட்ட வேண்டும். கேட்கிற செலவு நியாயமா, அதை யார் எவ்வளவு சுமப்பது என்று பார்ப்பதுதான் ஆணையத்தின் வேலை. இது புரியாமல் போயிருந்தால் எனக்குக் கிடைக்கும் சில நிமிடமும் வீண்தான்.

அப்புறம் வீட்டு பில்களைத் தேடி எடுத்தேன். இரண்டு மாதத்துக்கு ஒன்று, வருடத்துக்கு ஆறு. எல்லாம் தெர்மல் பேப்பர். ஏப்ரல் பில்லில் எழுத்து பாதி மங்கிவிட்டது. ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து யூனிட்டைப் படிக்க வேண்டியிருந்தது. ஆறையும் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு ஒரே பக்கத்தில் புது மனு எழுதினேன். பாலக்காட்டு வெயிலில் ராத்திரி முழுக்க ஃபேன் ஓடாமல் குழந்தைகள் தூங்காது. யூனிட் ஏறும்போது தானாகவே மேல் ஸ்லாபுக்கு, அதாவது விலை கூடிய படிக்குப் போகிறோம். மாதம் 250 யூனிட்டைத் தாண்டினால் மொத்த யூனிட்டுக்கும் ஒரே உயர்ந்த விலை. அதற்கு மேல் கோடைக்கென்று தனியாக 10 பைசா வாங்கினால் ஒரே வெயிலுக்கு இரண்டு முறை காசு கொடுக்கிறோம். இவ்வளவுதான் மனு.

கூட்டத்துக்குப் போகும் வழியில், முடிவு சொல்லப் போகிறவர்கள் யார் என்று அக்கா மகனிடம் கேட்டேன். மூன்று பேர் கொண்ட ஆணையம். அவர்களைத் தேர்ந்தெடுக்கும் குழுவுக்குத் தலைவர் உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்தவர். ஒருவராவது சட்டத் துறையிலிருந்து வந்தவராக இருக்க வேண்டும் என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பதவி ஐந்து வருடம், 65 வயதுக்கு மேல் இருக்க முடியாது. இறங்கிய பிறகு இரண்டு வருடம் எந்த வணிக வேலையும் ஏற்கக் கூடாது. யாருக்காகவும் எந்த மின் ஆணையத்தின் முன்னாலும் போய் வாதாடக் கூடாது. எனக்கு மிகவும் பிடித்தது இந்தக் கடைசி விதிதான். கம்பெனிக்கும் நமக்கும் நடுவில் உட்காருகிறவர், அடுத்து எங்கே வேலை கிடைக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தால் நம் பேச்சு எப்படிக் காதில் விழும்?

பெயர் எழுதும் மேசையில் தமிழில் பேசலாமா என்று கேட்டேன். "பேசிக்கொள்ளுங்கள்" என்றார் அங்கிருந்தவர். எனக்கு முன்னால் பேசியவர்கள் ஃபைல் ஃபைலாகக் கணக்கு கொண்டுவந்திருந்தார்கள். என் முறை வந்ததும் ஏப்ரல் பில்லை உயர்த்திக் காட்டி, எழுதியதைப் பார்த்தே படித்தேன். குரல் நடுங்கியது. யாரும் குறுக்கிடவில்லை. படித்த தாளை அங்கேயே கொடுத்துவிட்டு வந்தேன். பேச்சோடு விட்டுவிடாதீர்கள், எழுத்தில் கட்டாயம் கொடுங்கள்.

டிசம்பர் 5-ஆம் தேதி உத்தரவு வந்தது. சராசரியாக யூனிட்டுக்கு 16 பைசா உயர்வு, 2025 ஏப்ரலிலிருந்து இன்னும் 12 பைசா. உயர்வு வருத்தம்தான். ஆனால் கோடைக் கட்டணத்தை ஆணையம் ஏற்கவில்லை. என் ஒரு தாளால்தான் அது நடந்தது என்று சொல்ல மாட்டேன். என் தாளும் அங்கே இருந்தது.

இப்போது பில் வந்த அன்றே ஜெராக்ஸ் எடுத்து ஒரு கவரில் போட்டுவைக்கிறேன்.