16ஏ8 என்றாலும் அதுதான்

கீழக்கரையில் அந்தப் பழைய ரேடியோ கடையில் காக்கா (இங்கே அண்ணனை அப்படித்தான் அழைப்பார்கள்) ஒரு பிஸ்கட் டப்பாவைக் கவிழ்த்தார். அத்தனையும் டிவி வால்வுகள், டிரான்சிஸ்டருக்கு முந்தைய காலத்துக் கண்ணாடிக் குழாய்கள்.

ஒன்றை வெளிச்சத்தில் பிடித்தார். கண்ணாடி உச்சியில் வெள்ளிப்பூச்சு மின்னினால் நல்லது. வெளுத்துப் போயிருந்தால் காற்று புகுந்துவிட்டது, தூக்கிப் போட வேண்டியதுதான். கால்களில் உப்புக்காற்று ஏற்றிய களிம்பைச் சுரண்டிவிடலாம்.

நான் கேட்டது பிசிஎல் 82. நீட்டியது 16ஏ8.

“அதேதான் தம்பி, அமெரிக்கப் பெயர்.”

உண்மைதான். பெயர் ஒத்திருந்தாலும் ஈசிஎல் 82 மட்டும் இதற்குப் பதிலாக ஆகாது. உள்ளுறுப்பு ஒன்றே, சூடேற்றும் இழை வேறு: அதற்கு 6.3 வோல்ட், இதற்கு 16. பழைய டிவியில் இழைகளெல்லாம் சீரியல் விளக்குபோல் வரிசையாகக் கோத்தவை. எல்லாவற்றிலும் அதே 300 மில்லி ஆம்பியர்தான் ஓட வேண்டும்.

இலங்கைத் தொலைக்காட்சியான ரூபவாகினி பார்த்து வளர்ந்த கடற்கரை இது. யார் வீட்டுப் பரணிலாவது பிஒய் 88 வால்வு கிடந்தால் சொல்லுங்கள். 30ஏஇ3 என்று எழுதியிருந்தாலும் சரி.