அம்மாவின் கைப்பை

பேரக்குழந்தையைப் பார்க்க முதல்முறையாக விமானம் ஏறும் அம்மாவின் கைப்பையை நாமே உட்கார்ந்து அடுக்கிக் கொடுக்கணுங்க. நெய், தொக்கு, ஊறுகாய் எல்லாம் செக்-இன் பெட்டிக்கு; சோதனையில் அவை திரவக் கணக்கு. பெரும்பாலான விமான நிலையங்களில் கைப்பைத் திரவத்துக்கு உள்ள 100 மில்லி வரம்பு என்பது டப்பாவின் அளவு, உள்ளே இருப்பதன் அளவு அல்ல. பெரிய பற்பசை டியூபில் கால்வாசிதான் மிச்சம் என்றாலும் விடமாட்டார்கள். கொப்பரைத் தேங்காய் வேண்டவே வேண்டாம், எண்ணெய்ச் சத்தால் தானாகவே சூடேறக்கூடியது.

பவர் பேங்க் கைப்பையில்தான். அதன் கொள்ளளவு 20,000 எம்ஏஎச் என்றால் மின்னாற்றல் கணக்கில் பொதுவாக 74 வாட் ஹவர், வரம்பு 100 வாட் ஹவர். பவர் பேங்க் மேல் அச்சிட்டிருக்கும் அந்த அளவு தேய்ந்திருந்தால் சோதனையில் எடுத்து வைத்துக்கொள்ளக்கூடும், பார்த்துக்கோங்க.

சுகர், பிரஷர் மாத்திரைகளை அட்டையோடு, டாக்டர் சீட்டும் சேர்த்து மேல் ஜிப்பில் வையுங்கள். பெரிய பெட்டிக்குள் போய்விட்டால் நடு ட்ரான்சிட்டில் பாவம், யாரைப் போய்க் கேட்பார்?