நம்பரைக் குறைத்துப் போடச் சொல்லாதீர்கள்

ரங்கூனில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் சோதிப்பது என் வேலை. ஜூனில் பள்ளிக்கூடம் திறந்ததும், கரும்பலகை தெரியவில்லை என்று பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நம்மவர்கள் வருவார்கள். நம்பரைச் சொன்ன உடனே பேரம் தொடங்கிவிடும். “கொஞ்சம் குறைத்துப் போடுங்கள் அண்ணே, முழுதாகப் போட்டால் கண் அதற்கு அடிமையாகிவிடும்.”

குறைத்துப் போட்டால் நம்பர் ஏறுவது குறையுமா என்று சோதித்தே பார்த்துவிட்டார்கள். மலேசியாவில் கிட்டப்பார்வை (தூரத்தில் இருப்பது மங்கலாகத் தெரிவது) உள்ள 9 முதல் 14 வயதுப் பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்கு முழு நம்பரும், மற்றவர்களுக்கு ஏறக்குறைய 0.75 குறைத்தும் கொடுத்து 2 ஆண்டுகள் கவனித்தார்கள். 2002இல் முடிவு வெளிவந்தது. முழு நம்பர் போட்டவர்களுக்கு 0.77 ஏறியிருந்தது, குறைத்துப் போட்டவர்களுக்கு 1.00. கண்ணுக்கு நல்லது செய்வதாக நினைத்து, பிள்ளையை இரண்டு ஆண்டுகள் மங்கலான பலகையைப் பார்க்க வைப்பதில் என்ன பயன்?

அண்மையில் ஓர் அக்கா இரண்டு மகன்களோடு வந்தார். மூத்தவனுக்கு ஒன்பது வயது, மைனஸ் 2. குறைக்கத்தான் வேண்டும் என்று அவர் பிடிவாதமாக நிற்கவே, சோதனைச் சட்டத்திலிருந்த வில்லையை எடுத்துவிட்டு 1.25 போட்டேன். பையன் கழுத்தை முன்னால் நீட்டி, கண்ணை இடுக்கி, கடைசி இரண்டு வரிகளை விட்டுவிட்டான். “கலங்குகிறது மாமா” என்றான். அம்மா அதற்குப் பிறகு பேசவில்லை.

நம்பர் ஏறுவது முழு நம்பர் கண்ணாடி போடுவதால் அல்ல. விழிக்கோளம் முன்பின்னாக நீளமாகிறது. பிம்பம் விழித்திரைக்கு முன்பாகவே விழுந்துவிடுகிறது. 1 மில்லிமீட்டர் நீண்டாலே ஏறக்குறைய 2.5 மைனஸ் கூடும். நீண்டது திரும்பச் சுருங்குவதில்லை. மைனஸ் 6ஐத் தாண்டினால் விழித்திரை விலகல், கண் நீர் அழுத்த நோய் போன்றவற்றின் ஆபத்து கூடுகிறது. வளரும் வயதிலேயே ஏற்றத்தை மெதுவாக்க வேண்டும் என்று நான் மன்றாடுவது அதனால்தான்.

ஆனால் அன்று எனக்கு அதிகக் கவலை இன்னும் கண்ணாடி போடாத ஆறு வயதுத் தம்பியைப் பற்றித்தான். வெளிவெளிச்சம் கிட்டப்பார்வை தொடங்குவதைத் தள்ளிப்போடுகிறது. தொடங்கிய பிறகு அவ்வளவு உதவுமா என்பதற்குச் சான்று குறைவு. சீனாவின் குவாங்சோவில் முதல் வகுப்புப் பிள்ளைகளைப் பள்ளி நாள்களில் கூடுதலாக 40 நிமிடம் வெளியே விட்டார்கள். 3 ஆண்டுகளில் அவர்களில் 30.4 சதவீதத்தினருக்கும், அப்படிக் கூடுதலாக வெளியே விடாதவர்களில் 39.5 சதவீதத்தினருக்கும் கிட்டப்பார்வை வந்தது. நம் பிள்ளைகளோ பள்ளி விட்டதும் டியூஷனுக்குப் போகிறார்கள். மின்சாரம் போனால் எமர்ஜென்சி விளக்கடியில் புத்தகத்தை மூக்கோடு ஒட்டி வைக்கிறார்கள். டியூஷனை நிறுத்தச் சொல்லவில்லை. ஒரு மணி நேரம் தள்ளி வையுங்கள், தெருவில் சின்லோன் என்னும் பிரம்புப் பந்து ஆடட்டும். மேகமூட்டமான நாளின் வெளிச்சம்கூட வகுப்பறை வெளிச்சத்தைவிடப் பல மடங்கு அதிகம்.

மூத்தவனுக்கு வேறு வழிகள் உண்டு. 2019இல் வெளியான ஹாங்காங் ஆய்வில், அட்ரோபின் சொட்டு மருந்தின் மூன்று அளவுகளில் 0.05 சதவீதம்தான் ஏற்றத்தை அதிகமாகத் தடுத்தது. திடீரென நிறுத்தினால் நம்பர் மீண்டும் வேகமெடுக்கலாம். இதைக் கண் மருத்துவர்தான் எழுதித் தர வேண்டும். கடையில் கேட்டு வாங்கி ஊற்றாதீர்கள். ஓரப் பகுதியில் நுண்வில்லைகள் பதித்த சிறப்புக் கண்ணாடிகளும் வந்துவிட்டன. ஹாங்காங்கில் 2 ஆண்டு ஆய்வில் அவை ஏற்றத்தை ஏறக்குறையப் பாதியாகக் குறைத்தன. விலை கூடுதல்தான், கையில் இருப்பதைப் பார்த்து முடிவெடுங்கள்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை அழைத்து வாருங்கள். பழைய கண்ணாடியையும் மறக்காமல் எடுத்து வாருங்கள்; எவ்வளவு ஏறியிருக்கிறது என்று அதை வைத்துத்தான் பார்ப்போம்.